பழைய பைக்குக்கு எந்த இன்ஜின் ஆயில்? கேனின் பின்பக்கத்தைப் படிப்போம்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ ஏதாவது ஓர் ஆயில் கடையில் போய் நின்றால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "என்ன வண்டி?" என்பதுதான். பெயரைச் சொன்னதும் அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து வைத்துவிடுவார். வண்டி புதிது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. வண்டிக்கு இருபது, முப்பது வயது என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர்களும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். "பழைய வண்டியா? திக்கா ஊத்துங்க தம்பி" என்பார் ஒருவர். "சிந்தெடிக் பக்கமே போகாதீங்க, லீக் அடிக்கும்" என்பார் இன்னொருவர். "எதுக்கு இவ்வளவு யோசனை, கார் ஆயில் ஊத்தினாலே ஓடும்" என்றும் ஒரு குரல் வரும்.

முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றாவது பெரும்பாலான பைக்குகளுக்குத் தவறு. அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா சிடி 100, தாத்தா வைத்திருந்த புல்லட், தேடி அலைந்து வாங்கிய ஆர்எக்ஸ் 100 என்று ஒரு பழைய வண்டி கைக்கு வந்து, அதன் ஓனர்ஸ் மேனுவல் மட்டும் வராமல் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேனின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தால் சரியான ஆயிலை நீங்களே எடுத்துவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது ஜாசோ எழுத்து, அதாவது பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறி. அடுத்தது 20டபிள்யூ-40 போன்ற எண். அதற்கடுத்தது ஏபிஐ எழுத்து, அதாவது ஆயிலின் தரத்துக்கான அமெரிக்கக் குறி. மினரலா சிந்தெடிக்கா என்ற கேள்வி இவை மூன்றும் தெளிந்த பிறகு வந்தால் போதும். விளம்பரங்களில் அதுதான் முதலில் வரும் என்பதால் நாமும் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறோம்.

ஒரே ஆயில், மூன்று வேலை

சாதாரண கியர் காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கிளட்ச் எந்த ஆயிலும் படாமல் காய்ந்த நிலையில் வேலை செய்யும். நம் ஊர் ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு வேறு. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே உறைக்குள், ஒரே ஆயிலில் இருக்கின்றன. பிஸ்டனையும் கேம் ஷாஃப்டையும் தேயாமல் காக்கும் அதே ஒரு லிட்டர் ஆயில்தான் கியர் பற்களுக்கு நடுவே நசுங்கவும் வேண்டும், கிளட்ச் தட்டுகளை நனைத்துக் குளிர வைக்கவும் வேண்டும்.

இதில்தான் சிக்கல். பிஸ்டனுக்கு உராய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கிளட்சுக்கோ உராய்வு இருந்தால்தான் பிடிப்பு. கார் ஆயில்களில், முக்கியமாக மைலேஜ் கூட்டுவதற்காகச் செய்யப்படும் மெல்லிய ஆயில்களில், உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்த்திருப்பார்கள். அவை கிளட்ச் தட்டுகளில் படிந்தால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி அந்த அளவுக்குப் போகாது. மேம்பாலம் ஏறும்போது இது நன்றாகத் தெரியும். மெக்கானிக் "கிளட்ச் ஸ்லிப் ஆகுது" என்று சொல்வது இதைத்தான்.

இதற்காகவே ஜப்பானில் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று ஜாசோ டி903 என்ற தரத்தை 1990களின் கடைசியில் உருவாக்கினார்கள். ஆயிலில் கிளட்ச் எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்பதைச் சோதித்து எழுத்து கொடுப்பார்கள். எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 ஆகியவை ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு. எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். எம்பி என்று போட்டிருந்தால் அது உராய்வு குறைந்த ஆயில், கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. ஸ்கூட்டரில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அங்கே அது பொருத்தம். வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பழைய பைக்கும் இருந்து, ஸ்கூட்டருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. கேனில் எம்பி என்று இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

கேனில் ஜாசோ எழுத்தே இல்லையென்றால்? கியர் பைக்குக்கு அந்தக் கேன் வேண்டாம். என்ன விலை குறைத்துக் கொடுத்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். ஏபிஐ முத்திரை வட்டத்துக்குள் எனர்ஜி கன்சர்விங் அல்லது ரிசோர்ஸ் கன்சர்விங் என்று, அதாவது உராய்வைக் குறைத்து மைலேஜ் கூட்டும் ஆயில் என்று, எழுதியிருந்தாலும் அதே முடிவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் வழுக்கியவுடன் ஆயில் மேல் பழி போட வேண்டாம். கேபிளில் கொஞ்சமும் தளர்வு (ஃப்ரீ ப்ளே) இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாலும் வழுக்கும், தட்டு தேய்ந்திருந்தாலும் வழுக்கும். கேபிளைப் பாருங்கள். அதுவும் சரி, அண்மையில் ஆயில் மாற்றிய பிறகுதான் இது தொடங்கியது என்றால், ஆயிலை வடித்துவிட்டு எம்ஏ2 ஊற்றிக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் பிடிப்பு திரும்பி வந்துவிடும். வராவிட்டால் தட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

விதிவிலக்கான வண்டிகள்

பழைய வண்டி என்று வந்துவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. அதனால் எந்த ஆயில் என்று கேட்பதற்கு முன்னால், என் வண்டியில் ஆயில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

திருவொற்றியூரில் செய்த பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயில் மூன்று தனி இடங்களில் இருக்கிறது. இன்ஜினுக்கு ஒன்று. இடது பக்கம் கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கும் பெட்டிக்கு ஒன்று. பின்னால் கியர்பாக்ஸுக்கு ஒன்று. இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது வழக்கம். கிளட்ச் பெட்டிக்கு ஜாசோ எம்ஏ எழுத்துள்ள இன்ஜின் ஆயில் போதும். கியர்பாக்ஸுக்குக் கனமான கியர் ஆயில் வேண்டும். இந்த மூன்றில் இன்ஜின் ஆயிலை மட்டும் ஒழுங்காக மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் வருடக்கணக்கில் திறந்துகூடப் பார்க்காமல் ஓடும் புல்லட்டுகள் சென்னையில் நிறைய. 2009-இல் வந்த கிளாசிக் போன்ற யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் இருப்பது) வண்டிகளில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. அவற்றுக்கு நிறுவனம் சொல்வது 15டபிள்யூ-50 செமி சிந்தெடிக். காஸ்ட் அயர்ன் வண்டிக்காரர் சொல்லும் யோசனையை யூசிஇ வண்டிக்காரர் அப்படியே எடுத்துக்கொள்வது சரிவராது. பெயர் ஒன்று என்றாலும் உள்ளே வேறு வண்டி.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை இன்னும் வேறு. 1985 முதல் 1996 வரை இங்கே வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-இல் இன்ஜினுக்குள் போகும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். அது தனித் தொட்டியிலிருந்து ஒரு சின்ன பம்ப் வழியாக வருகிறது. யெஸ்டி போன்ற வண்டிகளில் பெட்ரோல் டேங்கிலேயே கலக்க வேண்டும். இந்த 2டி ஆயிலுக்கும் ஜாசோ எழுத்து உண்டு: எஃப்பி, எஃப்சி, எஃப்டி. எஃப்சி, எஃப்டி இரண்டிலும் புகை குறைவு, சைலன்சரில் கரி அடைப்பதும் குறைவு. இருக்கிறதே என்று 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜின் ஆயிலை 2டி தொட்டியில் ஊற்றக் கூடாது. அது எரிவதற்காகச் செய்யப்பட்டதில்லை, பிளக்கிலும் பிஸ்டனிலும் சைலன்சரிலும் படிவாக நிற்கும்.

ஆர்எக்ஸ் 100 வாங்கும் பலர் மறந்துபோவது, அதன் கியர்பாக்ஸிலும் ஆயில் இருக்கிறது, கிளட்ச் அதில்தான் நனைகிறது என்பதை. அந்த இடத்துக்கு 2டி ஆயில் ஆகாது. ஜாசோ எம்ஏ எழுத்துள்ள 4டி ஆயில்தான் வேண்டும். அந்த கியர் ஆயில் வெளியே எங்கும் கசியாமலே குறைந்துகொண்டு வருகிறது, புகை வழக்கத்தைவிட அதிகம் என்றால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உள்ளே இழுத்து எரித்துக்கொண்டிருக்கும். இதற்கு எந்த ஆயிலை மாற்றி ஊற்றினாலும் தீர்வு கிடைக்காது, சீலை மாற்ற வேண்டும்.

20டபிள்யூ-40 என்றால் என்ன?

நல்லெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் சாய்த்து ஊற்றினால் ஒன்று சட்டென்று ஓடும், மற்றது நூலாக இழுத்துக்கொண்டு இறங்கும் அல்லவா? ஆயிலின் அந்தக் குணத்தைப் பாகுநிலை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 20டபிள்யூ-40 போன்ற எஸ்ஏஇ எண் சொல்வது அதைத்தான். எல்லா ஆயிலும் குளிரில் கெட்டியாகவும் சூட்டில் இளகியும் இருக்கும். அதனால் இரண்டு நிலைக்கும் தனித்தனி எண்.

டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிருக்கானது. 20டபிள்யூ என்ற பெயர் பெற வேண்டுமானால் மைனஸ் 15 டிகிரியில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டியாகிறது என்று சோதிப்பார்கள். 10டபிள்யூவுக்கு மைனஸ் 25. லடாக்குக்கு வண்டியில் போகிறவர்களுக்கு இது முக்கியம். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அரிது. எனவே நமக்கு இந்த எண்ணைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்.

டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண்தான் நமக்கான எண். ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. இதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ். 30 என்றால் 9.3-லிருந்து 12.5 வரை. 40 என்றால் 12.5-லிருந்து 16.3 வரை. 50 என்றால் 16.3-லிருந்து 21.9 வரை. கவனித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு வரம்பு, ஒன்றின் முடிவில் அடுத்தது தொடங்குகிறது. வரம்பின் மேல் நுனியில் இருக்கும் ஒரு 40 ஆயிலுக்கும் கீழ் நுனியில் இருக்கும் ஒரு 50 ஆயிலுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. கடை வாசலில் 40-ஆ 50-ஆ என்று நடக்கும் சண்டையில் பாதி இதனாலேயே தேவையற்றது.

இன்னொன்றும் உண்டு. குளிரிலும் சூட்டிலும் இரண்டு நிலைக்கும் ஈடுகொடுக்க ஆயிலில் நீண்ட பாலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். சூடானதும் அவை விரிந்து ஆயில் ரொம்ப இளகாமல் தாங்கும். கியர் பற்கள் அந்த இழைகளை நாளாவட்டத்தில் நறுக்கிவிடும். காரைவிட பைக்கில் இது வேகமாக நடக்கும், ஏனென்றால் கியர்பாக்ஸ் அதே ஆயிலில் இருக்கிறது. புதிதாக ஊற்றியபோது 50-ஆக இருந்த ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 40-க்கு இறங்கிவிடக்கூடும். கையில் தொட்டுப் பார்த்தால் இது தெரியாது, காலில் தெரியும். கியர் முன்போல் மெத்தென்று விழாமல் இடிக்க ஆரம்பிக்கும், நியூட்ரல் கிடைக்காமல் அலைக்கழிக்கும். ஆயில் களைத்துவிட்டது என்பதற்கு நான் நம்பும் முதல் அடையாளம் அதுதான். நிறத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நல்ல ஆயில் கரியையும் அழுக்கையும் தன்னோடு வைத்துக்கொள்ளும், சீக்கிரமே கறுக்கும். கறுத்ததாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

"திக்கா ஊத்துங்க" என்பது எவ்வளவு சரி?

தேய்ந்த இன்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கும். கொஞ்சம் தடிமனான ஆயில் அந்த இடைவெளியில் நிற்கும், சத்தத்தை அடக்கும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரிவதைச் சற்றுக் குறைக்கும். இது உண்மை. சென்னை வெயிலும் இதற்குச் சாதகமாகப் பேசும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அவ்வளவு போகாத கோடையிலும் ஏர் கூலிங் இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது காற்றே கிடைப்பதில்லை. பழைய பைக்கில் ரேடியேட்டர் இல்லை, ஃபேன் இல்லை. சிலிண்டரின் தகடுகள் மேல் காற்று பட்டால்தான் சூடு இறங்கும். மிச்சச் சூட்டைச் சுமப்பது ஆயில்.

ஆனால் திக்கான ஆயில் மெதுவாகத்தான் மேலே ஏறும். 40 டிகிரியில் அளந்தால் ஒரு 20டபிள்யூ-50 ஆயில் 10டபிள்யூ-30-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினின் உச்சியில் இருக்கும் கேம் ஷாஃப்டுக்கும் ராக்கருக்கும் ஆயில் போய்ச் சேரும் வரை அவை முன்பு படிந்திருந்த மெல்லிய படலத்தை நம்பியே சுழல்கின்றன. ஸ்ப்ளெண்டர் குடும்பத்து 100 சிசி இன்ஜின்களுக்கு ஹீரோ சொல்வது 10டபிள்யூ-30. அதன் பம்ப்பும் ஆயில் பாதையும் அந்தத் தடிமனுக்கேற்ப அளவெடுத்தவை. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் இன்ஜின் சுழல்வதற்கே கூடுதல் உழைப்பு, பிக்கப் மந்தம், மைலேஜ் குறைவு.

என் கருத்து இது. வண்டி நல்ல நிலையில் இருந்தால் நிறுவனம் சொன்ன எண்ணையே போடுங்கள், வயதைப் பார்க்காதீர்கள். லேசாக ஆயில் குடிக்கிறது, சூடானதும் தலைப்பகுதியில் டிக் டிக் என்று சத்தம் கூடுகிறது என்றால், பின் எண்ணில் ஒரு படி மேலே போகலாம், 30 இருந்த இடத்தில் 40. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கட்டுப்படவில்லை என்றால் ஆயிலால் மூடி மறைக்கும் கட்டத்தை வண்டி தாண்டிவிட்டது.

மேனுவல் கையில் இல்லாதவர்கள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலோ, அதே இன்ஜின் உள்ள பின்னாளைய மாடலின் புத்தகத்திலோ தேடிப் பார்க்கலாம். பஜாஜ் பல்சருக்கு 20டபிள்யூ-50 என்று புத்தகத்திலேயே இருக்கும், அங்கே அது திக்கான ஆயில் இல்லை, சரியான ஆயில். எங்கேயும் தகவல் கிடைக்காத ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால் சென்னையில் 20டபிள்யூ-40, ஜாசோ எம்ஏ2 என்று தொடங்குவது பாதுகாப்பான முடிவு.

புகை என்ன சொல்கிறது

பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் தேர்ந்தெடுக்கும் முன் ஒருநாள் காலையில் சைலன்சரைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிடுகிறதா? வால்வு சீல் கெட்டியாகி, இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. கத்திப்பாரா பாலத்திலிருந்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி முறுக்கும்போது பின்னால் புகை மண்டுகிறதா? அதுவும் வால்வு பக்கத்து வேலைதான். முறுக்கும்போதெல்லாம் விடாமல் நீலப் புகை என்றால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது. கறுப்புப் புகைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. மழைக்காலக் காலையில் வந்து மறையும் வெள்ளைப் புகை வெறும் நீராவி.

வால்வு சீல் மலிவான ரப்பர் பொருள், கூலிதான் செலவு. அதை மாற்றினாலே ஆயில் குடிப்பது நின்றுவிடும் வண்டிகள் உண்டு. அதை விட்டுவிட்டு "இன்ஜின் ட்ரீட்மென்ட்" என்று சின்ன பாட்டிலில் விற்பதை ஊற்றிப் பார்ப்பவர்கள் அந்தக் காசைச் சேர்த்து வைத்திருக்கலாம். கிளட்ச் நனையும் வண்டியில் உராய்வைக் குறைக்கும் எந்தக் கலவையையும் ஊற்றக் கூடாது என்பதற்கான காரணத்தை மேலேயே பார்த்தோம்.

ஏபிஐ எழுத்தும் மினரல், சிந்தெடிக் கேள்வியும்

ஏபிஐ வரிசை எளிது. எஸ் என்பதற்கு அடுத்த எழுத்து எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம். எஸ்எஃப், எஸ்ஜி எல்லாம் காலாவதியானவை. எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் ஆகியவை இன்று பைக் ஆயில்களில் பரவலாகத் தென்படும். எஸ்என் 2010-இல் வந்தது. பழைய வண்டிக்குப் புதிய எழுத்து ஆகாது என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மத்தைப் புதிய தரங்களில் குறைத்துவிட்டார்கள் என்பது அதற்குக் காரணம். மெல்லிய கார் ஆயில்களைப் பொறுத்தவரை அது சரிதான், அவற்றில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜாசோ தரமோ 0.08-லிருந்து 0.12 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்கிறது. ஆக ஜாசோ எழுத்தைப் பார்த்து வாங்கினால் இந்தக் கவலையும் தீர்ந்தது.

மினரல் ஆயிலின் அடிப்படை எண்ணெய், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. நம் மணலியில் உள்ள சிபிசிஎல் ஆலையிலும் அதைத் தயாரிக்கிறார்கள். சிந்தெடிக் இன்னும் ஆழமாக மாற்றியமைத்த எண்ணெய். அதிகச் சூட்டில் சீக்கிரம் கெடாது, கசடு குறைவு, நீண்ட நாள் உழைக்கும். செமி சிந்தெடிக் இரண்டும் கலந்தது. சிந்தெடிக்கால் லீக் வரும் என்ற பேச்சு ஆரம்பகாலத்து சிந்தெடிக்குகள் சில ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகாததிலிருந்து வந்தது. இன்றைய ஆயில்களில் அந்தக் குறை இல்லை. ஆனால் இருபது வருடம் கசடு படிந்த இன்ஜினில் நன்றாகச் சுத்தம் செய்யும் ஆயிலை ஊற்றினால், கெட்டியாகிப்போன சீல் ஓரத்தில் அடைத்துக்கொண்டிருந்த அழுக்கு கரைந்து கசிவு வெளிப்படலாம். சீல் முன்பே போய்விட்டது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியென்றால் எதை வாங்குவது? பழைய வண்டிக்கு நான் சொல்வது நல்ல மினரல், அடிக்கடி மாற்றம். புத்தகத்தில் செமி சிந்தெடிக் என்று சொன்ன யூசிஇ போன்ற வண்டிகளுக்கு அதையே போடுங்கள். சிடி 100, பழைய ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடையும், சுழற்சியில் அழுக்கைப் பிரித்து ஓரத்தில் ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். அழுக்கை வெளியே அனுப்ப அந்த இன்ஜினுக்கு இருக்கும் பெரிய வழி ஆயில் மாற்றுவதே. விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு நீண்ட நாள் விடுவதைவிட, நடுத்தர விலை ஆயிலை 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது அதற்கு நல்லது. அந்தக் கிண்ணத்தையும் எப்போதாவது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சைடு கவர் திறக்க வேண்டிய வேலை என்பதால் கேட்டால்தான் செய்வார்கள்.

2000 என்றால் ரொம்பக் குறைவாகத் தோன்றலாம். கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் பாருங்கள். நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 2000 கிலோமீட்டர் ஓட 40 மணி நேரம். அலுவலக நேரத்து அண்ணா சாலையில் சராசரி 15-இல் போனால் அதே தூரத்துக்கு 133 மணி நேரம். மீட்டர் ஒன்றையே காட்டும், ஆயில் மூன்று மடங்குக்கு மேல் உழைத்திருக்கும். வண்டி ஓடாமல் வீட்டிலேயே நின்றாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஈரமும் எரிபொருள் கழிவின் அமிலமும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாது. சரியான எண்ணும் ஜாசோ எழுத்தும் உள்ள சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, 300 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டி, அதை வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு அலசலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் நடுவே தாங்குவதற்கு எதுவும் இருக்காது.

ஊற்றும்போது

கேன் ஒரு லிட்டர் என்பதற்காக முழுவதும் ஊற்ற வேண்டும் என்று இல்லை. வண்டிக்கு வேண்டிய அளவு புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் கவர் மீதே பொறித்திருக்கும். அதனால்தான் 900 மில்லி கேன்களும் வருகின்றன. அதிகமானால் ஆயில் நுரைக்கும், சீல்களை அழுத்தும், மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும். அளவு பார்க்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். பழைய புல்லட்டில் நீண்ட நாள் நின்ற பிறகு அளவு குறைவாகக் காட்டினால் உடனே ஊற்றிவிடாதீர்கள். ஆயில் கிராங்க் பகுதிக்குள் இறங்கியிருக்கும், ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால் திரும்பி வந்துவிடும்.

வெள்ளம் நம் ஊருக்குப் புதிதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீரில் நின்ற பைக்குகள் கணக்கில்லாதவை. இன்ஜின் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியை உதைத்துப் பார்க்கவே கூடாது. முதலில் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடியுங்கள். வெளுத்துப் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். இந்த வேலைக்கு மலிவான மினரலே சரி.

வாங்கும்போது மூடியின் சீல், தயாரித்த தேதி, அடியில் உள்ள பேட்ச் எண் மூன்றையும் பாருங்கள், பில் கேளுங்கள். காலி கேனை அப்படியே எடைக்குப் போட்டால் அதில் போலி ஆயில் நிரப்பி விற்கிறவர்களுக்கு வசதி. கத்தியால் கிழித்துப் போடுங்கள். வடித்த பழைய ஆயிலை வாசல் மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோதான் போகும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய தேதி, மீட்டர் எண், ஊற்றிய ஆயிலின் மூன்று குறியீடுகள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். மீட்டர் கேபிள் அறுந்து நிற்கும் பழைய வண்டிகள் பல. உங்களுடையதும் அப்படியென்றால் தேதியை வைத்துக் கணக்குப் போடுங்கள், தினமும் ஓடும் வண்டிக்கு மூன்று மாதம்.